அம்லோடிபினா, டெல்மிசார்டனா? பிரஷர் மாத்திரைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு தேடிச் சென்று மருந்து வழங்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. இன்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரே தெருவில் ஒருவருக்கு அம்லோடிபின், அடுத்த வீட்டுக்காரருக்கு டெல்மிசார்டன், எதிர் வீட்டில் இருப்பவருக்கு இரண்டும் என்று மாத்திரைகள் வந்து சேர்கின்றன. அவர்கள் தங்கள் அட்டைகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வி எழுவது இயல்பு. மருந்து வாங்க வருவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, ஒரு மருந்தாளுநர் என்ற முறையில் இங்கே விடை எழுதியிருக்கிறேன். உங்கள் உடலைப் பரிசோதித்த மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று ஆகாது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள இது உதவும்.

இரண்டுமே பிரஷர் மாத்திரைதானே? வேலையில் என்ன வேறுபாடு?

இரண்டும் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. ஆனால் தளர்த்தும் வழி வேறு. இரத்தக் குழாயின் சுவரில் மெல்லிய தசைகள் உள்ளன. அந்தத் தசைக்குள் கால்சியம் நுழையும்போது தசை சுருங்குகிறது, குழாய் குறுகுகிறது, அழுத்தம் ஏறுகிறது. அம்லோடிபின் அந்தக் கால்சியம் நுழையும் வாயிலை அடைத்துவிடுவதால் தசை தளர்ந்து, குழாய் விரிகிறது. இந்த வகை மருந்துகளைக் கால்சியம் தடுப்பான்கள் என்பர். நிஃபெடிபின், சில்னிடிபின் போன்றவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. எலும்புக்குத் தேவையான கால்சியத்தை இம்மருந்து குறைத்துவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அப்படி எதுவும் நிகழ்வதில்லை.

டெல்மிசார்டனின் கதை சிறுநீரகத்தில் தொடங்குகிறது. சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்க, அதன் தொடர்ச்சியாக இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் உருவாகிறது. அது குழாய்களைச் சுருக்குவதோடு, உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கவும் செய்கிறது. அந்த ஹார்மோன் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தை டெல்மிசார்டன் முன்கூட்டியே பிடித்துக்கொள்வதால், ஹார்மோன் இருந்தும் அதன் வேலை நடப்பதில்லை. லோசார்டன், வல்சார்டன், ஓல்மிசார்டன் என்று பெயரின் இறுதியில் 'சார்டன்' வரும் மாத்திரைகள் எல்லாம் இந்தக் குடும்பமே.

எது அழுத்தத்தை அதிகமாகக் குறைக்கும்?

சராசரியாகப் பார்த்தால் பெரிய வேறுபாடு இல்லை. இந்த இரண்டு குடும்பங்களையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த பெரிய ஆய்வுகளுள் ஒன்று, 2004-ஆம் ஆண்டு முடிவுகள் வெளியான 'வேல்யூ' ஆய்வு. 15,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அந்த ஆய்வில் ஒரு பாதியினருக்கு வல்சார்டனும் மறு பாதியினருக்கு அம்லோடிபினும் கொடுக்கப்பட்டன. முதல் சில மாதங்களில் அம்லோடிபின் அழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாகக் குறைத்தது. அந்தப் பிரிவில் மாரடைப்பும் குறைவாக இருந்தது. மறுபுறம், புதிதாகச் சர்க்கரை நோய் வருவது வல்சார்டன் பிரிவில் குறைவாக இருந்தது. இதயம் சார்ந்த எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நின்றன.

2024-இல் வெளியான 'டாப்ஸ்பின்' ஆய்வு இந்திய நோயாளிகளிடமே நடத்தப்பட்டது என்பதால் நமக்கு நெருக்கமானது. மூன்று விதமான இரட்டை மருந்துச் சேர்க்கைகளை அது ஒப்பிட்டது. அவற்றில் இரண்டில் அம்லோடிபின் இருந்தது. இரண்டில், சார்டன்களைப் போல அதே ஹார்மோன் பாதையில் வேலை செய்யும் பெரிண்டோப்ரில் இருந்தது. மூன்று சேர்க்கைகளும் அழுத்தத்தை ஒரே அளவில்தான் குறைத்தன. ஆகவே அடுத்த வீட்டுக்காரருக்கு 'நல்ல மாத்திரை' கொடுத்துவிட்டார்கள், எனக்கு மட்டும் 'சாதாரண மாத்திரை' என்று எண்ணுவதற்கு இடமே இல்லை.

அப்படியானால் மருத்துவர் எதை வைத்து முடிவு செய்கிறார்?

அழுத்தத்தைத் தவிர உங்கள் உடலில் வேறு என்ன இருக்கிறது என்பதை வைத்துத்தான். வேறு எந்த நோயும் இல்லாத 60 வயதுக்காரருக்கு அம்லோடிபினில் தொடங்குவது வழக்கம். அதற்குத் தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனை பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் அளவை மாற்றாமல் கொடுக்கலாம். பரிசோதனைக் கூடம் தொலைவில் உள்ள அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பகுதி மக்களுக்கு இது சிறிய வசதியல்ல. நெஞ்சு வலி உடையவர்களுக்கும் அம்லோடிபின் இதயக் குழாய்களை விரித்து ஆறுதல் தரும்.

சர்க்கரை நோய், சிறுநீரில் புரதம் கசிதல், இதயத்தின் பம்பு செய்யும் திறன் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் நிலைமை மாறுகிறது. அங்கே சார்டன் குடும்பம் முன்னுக்கு வருகிறது. பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் 55 வயதை ஓர் எல்லையாக வைத்து, அதற்குக் கீழே இருப்போருக்குச் சார்டன் வகையையும் மேலே இருப்போருக்குக் கால்சியம் தடுப்பானையும் முதலில் பரிந்துரைக்கின்றன. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருந்தால் வயதைப் பாராமல் சார்டன் வகையில் தொடங்கச் சொல்கின்றன.

எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது. அம்லோடிபின் மட்டும்தான் கொடுக்கிறார்கள். இது சரியா?

சரியாகவும் இருக்கலாம், போதாமலும் இருக்கலாம். அதைத் தீர்மானிப்பது சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை அது. ஆண்டுக்கு ஒரு முறையாவது சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும் செய்யப்பட வேண்டியது. புரதம் கசியத் தொடங்கியிருந்தால், சிறுநீரகத்தின் வடிகட்டிகளுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். சார்டன் மருந்துகள் அந்த வடிகட்டியிலிருந்து இரத்தம் வெளியேறும் குழாயை விரிப்பதால் உள்ளே இருக்கும் அழுத்தம் தணிகிறது. அம்லோடிபின் பெரும்பாலும் இரத்தம் உள்ளே வரும் குழாயை விரிக்கிறது. ஆகவே கையில் பார்க்கும் அழுத்தம் குறைந்தாலும் வடிகட்டிக்குள் அதே அளவு தணிவு கிடைப்பதில்லை.

இதை வெறும் கோட்பாடு என்று தள்ளிவிட முடியாது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 1,715 பேரில் ஒரு பிரிவினருக்கு இர்பெசார்டனும், மற்றொரு பிரிவினருக்கு அம்லோடிபினும், மூன்றாம் பிரிவினருக்கு மருந்தற்ற மாத்திரையும் தரப்பட்டன. இர்பெசார்டனும் அம்லோடிபினும் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்தன. அப்படியிருந்தும், சிறுநீரகம் மேலும் கெடுதல், செயலிழத்தல், உயிரிழப்பு ஆகியவை சேர்ந்த ஆபத்து, அம்லோடிபின் பிரிவைக் காட்டிலும் இர்பெசார்டன் பிரிவில் 23 சதவீதம் குறைவாக இருந்தது. சர்க்கரை நோயாளி ஒருவர் "எனக்கு யூரினில் புரதம் பார்த்தீர்களா?" என்று மருத்துவரிடம் கேட்பது முழுக்க நியாயமான கேள்வி. தயங்காமல் கேளுங்கள்.

அம்லோடிபின் சாப்பிட்டதிலிருந்து கால் வீங்குகிறது. கிட்னி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. இந்த வீக்கத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. காலையில் எழும்போது கால் ஓரளவு வடிந்திருக்கும். நின்று வேலை செய்யச் செய்ய மாலைக்குள் இரண்டு கணுக்கால்களும் ஒரே அளவில் பருத்து, செருப்பு வார் பதிந்த தடம் தெரியும். கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தினால் குழி விழும். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ சிறுநீர் குறைவதோ இராது. அம்லோடிபின் இரத்தம் வரும் சிறு குழாய்களை நன்றாக விரிக்கிறது; திரும்பிச் செல்லும் சிறு குழாய்களை அவ்வளவாக விரிப்பதில்லை. வரத்து கூடி, போக்கு அப்படியே இருப்பதால் நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. சிறுநீரகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மருந்தின் அளவு கூடக்கூட வீக்கமும் கூடும். 5 மி.கி. எடுப்போரில் நூற்றுக்குச் சுமார் மூவருக்கு வரும் வீக்கம், 10 மி.கி. எடுப்போரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நீர் பிரியும் மாத்திரை இந்த வீக்கத்துக்குப் பெரிதாக உதவாது. ஏனெனில் உடலில் நீர் கூடியதால் வந்த வீக்கம் அல்ல இது. அளவை 5 மி.கி.க்குக் குறைத்து, உடன் டெல்மிசார்டன் சேர்ப்பதே நல்ல வழி. டெல்மிசார்டன் திரும்பிச் செல்லும் குழாய்களையும் விரிப்பதால் வீக்கம் வடிகிறது. அழுத்தமும் கட்டுக்குள் இருக்கிறது. 10 மி.கி. அம்லோடிபினிலேயே ஆண்டுக்கணக்கில் வீங்கிய காலோடு இருப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு காலில் மட்டும் வீக்கம், வீங்கிய இடத்தில் வலியோ சிவப்போ, படுத்தால் மூச்சு வாங்குதல், முகம் வீங்குதல் ஆகியவை இருந்தால் அதை மாத்திரையின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எனலாப்ரில் சாப்பிட்டு வறட்டு இருமல் வந்தது. டெல்மிசார்டனிலும் வருமா?

வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதையே தடுக்கின்றன. அப்போது பிராடிகினின் என்ற வேறொரு பொருள் சிதையாமல் தேங்கி, தொண்டையில் அரிப்பையும் இருமலையும் உண்டாக்குகிறது. டெல்மிசார்டன் அந்தப் பொருளைத் தொடுவதில்லை. 2008-இல் 25,620 பேரிடம் நடந்த 'ஆன்டார்கெட்' ஆய்வில், இருமல் காரணமாக மருந்தை நிறுத்தியவர்கள் ராமிப்ரில் பிரிவில் 4.2 சதவீதம், டெல்மிசார்டன் பிரிவில் 1.1 சதவீதம். இதயத்தைக் காப்பதில் இரண்டும் சமமாக இருந்தன.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பயன் இல்லை, தலைச்சுற்றலும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடின. அரசு மருத்துவமனையில் எனலாப்ரிலும் தனியார் மருத்துவரிடம் டெல்மிசார்டனும் வாங்கி, இரண்டையும் விழுங்கிவருபவர்கள் இருக்கிறார்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் கையில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

பிரஷர் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?

இந்த ஒரு பேச்சால் மாத்திரையை நிறுத்தி, கடைசியில் டயாலிசிஸ் வரை சென்றவர்கள் உண்டு என்பதால், இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத அழுத்தமும் கட்டுப்படாத சர்க்கரையுமே. அம்லோடிபின் சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்வதில்லை. டெல்மிசார்டன் தொடங்கியபின், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு இரத்தத்தில் சற்று ஏறுவது உண்டு. வடிகட்டிக்குள் அழுத்தம் தணிந்ததன் அறிகுறி அது. 30 சதவீதத்துக்குள் ஏற்றம் இருந்தால் மருந்தைத் தொடர்வதே முறை. அதற்கு மேல் ஏறினாலோ பொட்டாசியம் கூடினாலோ மருத்துவர் மாற்றுவார். அதனால்தான் சார்டன் மருந்து தொடங்கும் முன்பும், தொடங்கியோ அளவைக் கூட்டியோ சில வாரங்களுக்குள்ளும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்க்கச் சொல்கிறார்கள். அந்தப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். பிரஷர் மாத்திரையோடு சேருமா?

இந்த இரு மாவட்டங்களில் இக்கேள்விக்குத் தனி எடை உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது இங்கே நெடுநாளைய துயரம். அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் பல ஆண்டுகள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்த பெரியவர்களின் எலும்பிலும் மூட்டிலும் படிந்தது படிந்ததுதான். முழங்காலும் இடுப்பும் பிடித்துக்கொள்ள, கடையில் "வலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க" என்று கேட்டு வாங்குவது அன்றாட வழக்கமாகிவிட்டது.

அப்படிக் கிடைப்பவை பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவை. இவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றுகின்றன. குறிப்பாகச் சார்டன் மருந்தின் பயனை மழுங்கச் செய்கின்றன. அம்லோடிபினின் பயன் அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. இதைவிடப் பெரிய ஆபத்து சிறுநீரகத்துக்கு. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குள் இரத்தம் வரும் குழாயைச் சுருக்குகிறது. டெல்மிசார்டன் வெளியேறும் குழாயை விரிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் வடிகட்டிக்குள் தேவையான அழுத்தமே இல்லாமல் போய்விடும். இவற்றோடு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் பிரியும் மருந்தும் சேர்ந்துவிட்டால், சிறுநீரகம் சில நாட்களிலேயே திடீரென்று செயலிழக்கக்கூடும். கோடையில் வயலில் வேலை செய்து, போதிய நீர் குடிக்காதவருக்கு இந்த ஆபத்து மேலும் கூடும்.

வலிக்குப் பாரசிட்டமால் அளவோடு எடுத்துக்கொள்வது இவற்றைவிடப் பாதுகாப்பானது. வலி இருக்கும் இடத்தில் தடவும் களிம்பு உடலுக்குள் குறைவாகவே செல்கிறது. வலி மாத்திரை தவிர்க்க முடியாது என்ற நிலை இருந்தால், அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைக் கணக்கில் கொள்வார். கடையில் வாங்கும்போது "எனக்கு பிரஷர் மாத்திரை ஓடுது" என்ற ஒரு வாக்கியத்தையாவது சொல்லிவிட்டு வாங்குங்கள். அதைக் கேட்டும் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன், அல்லது குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறேன். எதைச் சாப்பிடலாம்?

டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் ஆகிய எதுவும் கூடாது. கருவின் சிறுநீரக வளர்ச்சியைக் கெடுத்து, பனிக்குட நீரைக் குறைத்து, குழந்தையின் உயிருக்கே ஆபத்தை உண்டாக்கக்கூடியவை அவை. கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்ணுக்கு இம்மருந்துகள் ஓடிக்கொண்டிருந்தால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மாற்றிவிட வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனால் அடுத்த மாத மருந்துக்காகக் காத்திராமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். கர்ப்ப காலத்தில் லபெடலால், மெல்ல வெளிவிடும் நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை நீண்டகாலமாகப் பயன்பட்டுவருகின்றன. தானாக எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவதும் தவறு. கட்டுப்படாத அழுத்தம் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

காலையில் சாப்பிட வேண்டுமா, இரவிலா? எனக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும்.

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் வாரம் ஒரு ஷிப்ட் பார்ப்பவர்கள் இதனால் மிகவும் குழம்புகிறார்கள். 21,104 பேரிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான 'டைம்' ஆய்வு, காலையில் எடுத்தாலும் மாலையில் எடுத்தாலும் மாரடைப்பு, பக்கவாதம், உயிரிழப்பு ஆகியவற்றில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதுவே சரியான நேரம். உணவுக்கு முன், பின் என்ற கட்டுப்பாடும் இவ்விரு மருந்துகளுக்கும் இல்லை.

ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றே நினைவு வரும்போது எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டுவிடுங்கள், இரண்டைச் சேர்த்து விழுங்கக் கூடாது. அம்லோடிபின் உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். அதனால் எப்போதாவது ஒரு வேளை தவறினாலும் அழுத்தம் சட்டென்று ஏறிவிடாது. டெல்மிசார்டன் சார்டன்களுக்குள் நீண்ட நேரம் நிற்பதுதான் என்றாலும், இந்த ஒரு விஷயத்தில் அம்லோடிபினே முந்தி நிற்கிறது. மறதி அதிகம் உள்ள முதியவருக்கு இது பொருட்படுத்தத்தக்க நன்மை.

இளநீர், மாம்பழம், ஊறுகாய் இவற்றில் எதை விட வேண்டும்?

மாம்பழத்துக்கும் பிரஷர் மாத்திரைக்கும் பகை இல்லை. கிருஷ்ணகிரிக்காரரிடம் அதை விடச் சொல்ல சர்க்கரை நோய் ஒன்றே காரணமாக இருக்க முடியும். சிறுநீரகம் நன்றாக உள்ளவர் டெல்மிசார்டன் எடுத்தாலும் அளவாக இளநீர் குடிக்கலாம். கிரியாட்டினின் ஏறியிருப்பவர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். சார்டன் மருந்துகள் பொட்டாசியத்தை உடலில் நிறுத்திவைக்கும், இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சார்டன் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

சாதாரண உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கேழ்வரகுக் களியில் உப்பு பெரிதாக இல்லை. அதற்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டுக் குழம்பிலும் ஊறுகாயிலும்தான் இருக்கிறது. உப்பைக் குறைக்காதவரிடம் டெல்மிசார்டன் தன் முழு வலிமையைக் காட்டுவதில்லை. அம்லோடிபின் உப்பால் அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை.

இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நோய் முற்றிவிட்டதா?

இல்லை. ஒரு மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட, இரண்டு வழிகளில் வேலை செய்யும் இரண்டு மருந்துகளைச் சிறிய அளவில் சேர்ப்பது அழுத்தத்தை அதிகம் குறைக்கும், பக்கவிளைவும் குறையும். டெல்மிசார்டன் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி. சேர்ந்த மாத்திரை நம் நாட்டில் மிகவும் வழக்கமானது. பலருக்குத் தொடக்கத்திலேயே இந்த இணைப்பைக் கொடுப்பதை இன்றைய வழிகாட்டு நெறிகள் வரவேற்கின்றன. எது சிறந்தது என்ற போட்டியே நடைமுறையில் பெரும்பாலோருக்குத் தேவைப்படாமல் போவதும் இதனால்தான்.

ஒரு சிறு எச்சரிக்கை: அட்டையில் 'எஸ் அம்லோடிபின் 2.5' என்று இருந்தால் அது சாதாரண அம்லோடிபின் 5 மி.கி.க்கு ஏறக்குறைய ஈடானது. எண் குறைவாக இருக்கிறதே என்று இரண்டாக எடுத்துவிடாதீர்கள்.

மாத்திரை மாற்றி மூன்று நாள் ஆகிறது, இன்னும் இறங்கவில்லை. திரும்ப மாற்றலாமா?

பொறுங்கள். அம்லோடிபின் உடலில் நிலையான அளவை எட்டவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். டெல்மிசார்டனின் முழுப் பயன் தெரிய நான்கு வாரங்கள் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். மூன்றாம் நாள் அளவை வைத்து மாத்திரையையும் மருத்துவரையும் மாற்றிக்கொண்டிருந்தால் எந்த மருந்துக்கும் வாய்ப்புக் கிடைக்காது.

இப்போது 130/80 இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

அந்த 130/80 மாத்திரையால் வந்தது. நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ அழுத்தம் பழைய இடத்துக்குத் திரும்பும்; பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே திரும்பும். எடை நன்றாகக் குறைந்து, உப்பும் குடியும் குறைந்த சிலருக்கு அளவைக் குறைக்க முடியும். அதை மருத்துவர் அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால்?

அம்லோடிபின் மட்டும் எடுப்பவர் அழுத்தம் மிகவும் இறங்கித் தலைச்சுற்றல் வந்தாலொழிய அஞ்ச வேண்டியதில்லை. டெல்மிசார்டனோ நீர் பிரியும் மாத்திரையோ எடுப்பவருக்கு, உடல் நீர் வற்றிய நிலையில் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அத்தகைய நாட்களில் அம்மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று அன்றே மருத்துவரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேளுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். உடல் தேறி, வழக்கம்போல் உண்ணத் தொடங்கியதும் மறக்காமல் மீண்டும் தொடங்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குச் செல்வோரும் சார்டன் எடுப்பதை மயக்க மருந்து மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

திடீரென்று 200 காட்டினால் நாக்கின் அடியில் மாத்திரை வைக்கலாமா?

கூடாது. நிஃபெடிபின் கேப்சூலை உடைத்து நாக்கின் அடியில் விடும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அழுத்தம் கட்டுப்பாடின்றிச் சரிந்து, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் குறைந்து, பக்கவாதமும் மாரடைப்பும் நேர்ந்ததால் அது கைவிடப்பட்டது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மீண்டும் அளந்து பாருங்கள். 180/120-க்கு மேல் இருந்து, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் இழுத்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். அறிகுறி எதுவும் இல்லையென்றால் வழக்கமான மாத்திரை தவறியதா என்று பார்த்து, அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டுவைக்கலாமா?

அம்லோடிபினை வெயில் படாமல் வைத்தால் போதும். டெல்மிசார்டனை அப்படிப் பிரித்துவைக்கக் கூடாது. காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சும் தன்மை அதற்கு உண்டு. பிரித்து வைத்த மாத்திரை ஓரிரு நாளில் மென்மையாகி, விரலில் அழுத்தினால் மாவாக உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். விழுங்கும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்க வேண்டும். அட்டையைக் கத்தரிக்கும்போதும் மாத்திரை இருக்கும் குமிழில் கத்தரி படாமல், பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி கடைசி வரை இருக்கும்படி வெட்டுங்கள்.

பெங்களூருக்கு வேலைக்குப் போகிறேன். அங்கே இதே மாத்திரை கிடைக்குமா?

கிடைக்கும். இரண்டும் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளவை. மக்கள் மருந்தகங்களில் விலையும் குறைவு. நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தால் குழப்பம் வேண்டாம். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரும் மி.கி. அளவும் பழைய அட்டையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், அது போதும். கட்டட வேலைக்கோ கம்பெனி வேலைக்கோ மாதக்கணக்கில் செல்பவர்கள், புறப்படும் முன் தங்கள் பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடம் சொல்லி, கூடுதல் நாட்களுக்கு மருந்து பெற முடியுமா என்று கேட்டுவிட்டு, பழைய அட்டையில் ஒன்றையும் கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.